பதினோரு நிமிடம் முந்திய கார்

பிற்பகல் மணி 1:21.

பதிவு அலுவலகத்தின் பின்பக்க வாகன நிறுத்தத்தில், மூன்றாவது வரிசையில் நின்றிருந்த சாம்பல் நிறக் காரின் பின்கதவை டிரைவர் திறந்தார். உள்ளேயிருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. பின்சீட்டில் முதலாளியம்மா தலை சாய்ந்து கிடந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"அம்மா! அம்மா!"

பதில் இல்லை. டிரைவர் முன்பக்கம் பாய்ந்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். திரும்பி ஓடிவந்து அம்மாவை அள்ளி எடுத்து மர நிழலில் கிடத்தினார். காவலாளி தண்ணீரோடு வந்தார். யாரோ ஆம்புலன்ஸை அழைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முதலாளியம்மா ஒரு தரம் கண் திறந்தார். "கால்... கால்..." என்றார். அதோடு மறுபடியும் நினைவு தப்பியது.

முதலாளியம்மா ஓர் அச்சகத்தின் உரிமையாளர். வயது அறுபத்து நான்கு. இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் ஒத்துழைப்பதை நிறுத்திக்கொண்டன. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக ஒத்துழைத்தது. மாடியேற முடியாதவர் என்பதால் அதிகாரியே கீழே இறங்கி வந்து காரில் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. அதற்காகத்தான் டிரைவர் மேலே போய் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பின் போடும் மாத்திரை அம்மாவை ஒரு மணி நேரமாவது தூங்க வைக்கும். இன்ஜின் ஓடட்டும், ஏசி ஓடட்டும், அம்மா தூங்கட்டும் என்று, பின்கதவு உள்ளேயிருந்து திறக்காதபடி வைத்து விட்டுப் போவது அவர்கள் வழக்கம்.

உடம்பின் சூடு நாற்பத்தொரு டிகிரி என்றார் டாக்டர். பிழைப்பதும் பிழைக்காததும் இன்றிரவு தெரியும் என்றார். மாலை ஐந்து மணிக்கு டிரைவர் ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தார்.

மறுநாள் காலை மணி 9:30.

"ஒரே ஒரு கையெழுத்துதான் மீட்டரம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "ஏசி நல்லா வேலை செய்யுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க. காலைல எட்டு மணிக்கு அந்தம்மா வீட்டுக்குப் போய் நானே உக்காந்து பாத்தேன். பல்லு தந்தியடிக்குது. வண்டிய இங்க கொண்டாந்தாச்சு."

மீட்டரம்மா கார் ஏசி எலக்ட்ரீஷியன். ஐம்பது வயது. குள்ளம். ஸ்டேஷன் ஜீப்புகளின் ஏசி படுத்துக்கொண்டால் எழுப்பிவிடுவது அவர்தான். தோளில் தொங்கும் பையில் மஞ்சள் நிற மீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். மனிதர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வார், மீட்டர் சொல்வதை மட்டுமே நம்புவார். அதனால் வந்த பெயர்.

"பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன் சார். இத்தன வருஷத்துல நான் சம்பாதிச்சது இந்த ஒரு நல்ல பேருதான்."

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சுன்னு காவலாளியே சொல்றான். இவன் ஏசிய மட்டும் அணைச்சுட்டு, பின்கதவு உள்ளேயிருந்து திறக்காதபடி பூட்டிட்டுப் போயிருக்கான். முந்தாநாள்தான் அந்தம்மா அச்சகத்துல நாலு பேரு முன்னாடி இவனை லேட்டா வந்ததுக்குத் திட்டி, அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. நாலு மணிக்கு இவனைக் கோர்ட்டுல நிறுத்தணும். அந்தம்மா செத்துப் போனா கேஸு கொலை."

"அந்தம்மா எதாவது சொன்னாங்களா?"

"'கால்'னு ரெண்டு தடவ சொன்னாங்களாம். யாருக்குக் கால் பண்ணச் சொன்னாங்கன்னு நேத்து சாயங்காலம் பூரா அவங்க செல்போனைக் குடைஞ்சுட்டேன். மகளுக்கா, வக்கீலுக்கா? ஒண்ணும் பிடிபடல."

மீட்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாமென்று மூடிக்கொண்டார். "டிரைவரைப் பாக்கணும்," என்றார்.

வராந்தா பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்து, அடுத்த அழுகைக்குத் தெம்பில்லாத முகம். பக்கத்தில் அவருடைய தம்பி நின்றிருந்தார். ஊர் முனையில் சின்ன ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். நேற்று மாலையிலிருந்து வக்கீலைத் தேடியதும் அக்காவுக்குச் சாப்பாடு வாங்கி வந்ததும் அவர்தான். ஆயிரம் சொந்தம் இருந்தாலும் ஆபத்துக்கு மச்சான்தான் என்று காவலர்களே பேசிக்கொள்ளும் அளவுக்கு ஓடியாடிக்கொண்டிருந்தார்.

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் டிரைவர் எழுந்து நின்றார்.

"எத்தன மணிக்குக் கார விட்டு இறங்குனீங்க?" என்று கேட்டார் மீட்டரம்மா.

"பன்னெண்டு அம்பது. கார் கடிகாரத்தைப் பாத்துட்டுத்தான் இறங்கினேன்."

"கேட்டுக்குங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "டோக்கன் மெஷின் இவனுக்குச் சீட்டு குடுத்தது பன்னெண்டு நாப்பத்தொண்ணு. கார விட்டு இறங்கறதுக்கு ஒம்பது நிமிஷம் முன்னாடியே மாடியில நின்னு டோக்கன் வாங்கியிருக்கான். கூடு விட்டுக் கூடு பாயறவன் போல."

"கார் கடிகாரம் பதினோரு நிமிஷம் முந்தி ஓடும் சார். அம்மா அப்படித்தான் வைக்கச் சொல்வாங்க."

"ஓடலையே! காலைல பாத்தேன். என் செல்போனும் அதுவும் ரெட்டப் புள்ளைங்க மாதிரி ஒண்ணா ஓடுது."

டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரையே பார்த்தார். மாட்டிக்கொண்டவனின் முகமாக அது மீட்டரம்மாவுக்குப் படவில்லை. தன் கண்ணையே நம்ப முடியாதவனின் முகமாக இருந்தது.

"ஏசி எப்படி வச்சிருந்தீங்க?"

"ஆட்டோவுல. இருபத்திரண்டு. வர்ற வழியெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சும்மா."

"திரும்பி வந்தப்ப?"

"கதவைத் திறந்தா உலை. 'புஸ்ஸு'ன்னு காத்துச் சத்தம் மட்டும் பலமா கேட்டுச்சு."

"அந்தக் காத்து சுட்டுச்சா, குளிர்ந்துச்சா?"

"தெரியல. நான் அம்மாவைத்தான் பாத்தேன்."

"கடைசியா ஏசியில கை வச்சது யாரு?"

"யாருமில்ல."

மற்ற கேள்விகளுக்கெல்லாம் யோசித்து யோசித்துப் பதில் சொன்னவர், இதற்கு மட்டும் கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டார். மீட்டரம்மா அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். ஏசியை அணைத்துவிட்டால் காற்றுச் சத்தம் ஏது என்ற இன்னொரு முடிச்சையும் அதன் பக்கத்தில் போட்டார்.

காலை மணி 11:10. ஆஸ்பத்திரி.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மகளும் மருமகனும் இருந்தார்கள். மகளுக்குக் கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க அந்தாளுக்கு சப்போர்ட்டா வந்தீங்களா?"

"நான் காருக்கு சப்போர்ட்டா வந்திருக்கேன்மா," என்றார் மீட்டரம்மா. "நேத்து கார் எப்படி வீட்டுக்கு வந்துச்சு?"

மருமகன் பதில் சொன்னார். அச்சகத்தின் கணக்கு வழக்கு, ஆட்கள் எல்லாம் இனி அவர் கைக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், அதனால் அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "டிரைவரோட மச்சான் கொண்டாந்து விட்டாரு. வெயில்ல நிக்குது, எடுத்துட்டுப் போன்னு டிரைவர் போன் பண்ணிச் சொன்னாராம். மூணு அஞ்சுக்கு வீட்டுக்கு வந்தது. நான்தான் ஷெட்டுல விட்டுப் பூட்டினேன். சாவி ராத்திரி பூரா என்கிட்டதான் இருந்துச்சு."

காவலாளியிடம் மச்சான் சாவி வாங்கியது 1:55-க்கு என்பது இன்ஸ்பெக்டரின் குறிப்பேட்டில் இருந்தது. பதிவு அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேரப் பயணம்.

"கார் கடிகாரம் பத்தி டிரைவர் ஏதோ சொல்றாரே?"

அழுத கண்ணோடு மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'அம்மா நேரம்'னே அதுக்கு எங்க வீட்டுல பேரு. அவங்க ரூம்ல இருக்கறது, கார்ல இருக்கறது ரெண்டும் பதினோரு நிமிஷம் முந்தி ஓடணும். பத்துன்னா மனுஷன் சுலபமா கழிச்சுப் பாத்துட்டுச் சோம்பேறியா இருப்பானாம், அதனால பதினொண்ணு. யாராச்சும் மாத்தினா வீடு ரெண்டாயிடும்."

இன்ஸ்பெக்டர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். காலையில் டிரைவரை அவர் கேலி செய்ததில் பாதியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து நர்ஸ் வந்தார். இரவைத் தாண்டிவிட்டார், காய்ச்சல் இறங்குகிறது, இன்னும் பேச்சில்லை என்றார்.

"சிஸ்டர், அவங்க கால்ல எதாவது இருக்கா?" என்று கேட்டார் மீட்டரம்மா.

நர்ஸ் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்கு யார் சொன்னா? ரெண்டு பாதமும் வெந்த மாதிரி இருக்கு. வலது பாதத்துல கொப்புளம். அதுல உணர்ச்சி கம்மி, அதான் சுட்டது தெரியாமலே இருந்திருக்காங்க."

மீட்டரம்மா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "கால்னா காலுதான் சார். அந்தம்மா போன் கேக்கல. காலு சுடுதுன்னு சொல்லியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மாலை முழுக்க அந்தச் செல்போனைத் துருவிய களைப்பு இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"சும்மா வெயில்ல நிக்கிற காருன்னா கூரைதான் காயும். தலை சுடும், காலுக்கு அவ்வளவு வராது," என்றார் மீட்டரம்மா. "காலு வெந்திருக்குன்னா சூடு கீழேயிருந்து வந்திருக்கு. முன்சீட்டுக்கு அடியில, பின்னாடி உக்காந்திருக்கிறவங்க பாதத்துக்கு நேரா ஒரு காத்து வழி உண்டு. அது ஹீட்டரோடது. நேத்து அந்தக் கார்ல ஏசி அணையல சார். ஹீட்டர் ஓடியிருக்கு. முழு வேகத்துல."

"அப்ப டிரைவர் ஹீட்டரைப் போட்டுட்டுப் போயிருக்கான்!"

"இருக்கலாம். காரையும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

பிற்பகல் மணி 12:35. ஸ்டேஷன் வளாகம்.

கார் வேப்பமரத்தடியில் நின்றது. மீட்டரம்மா பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டருக்கும் புரியும்படி பேசிக்கொண்டே வேலை பார்த்தார். அவருக்குப் பேசாமல் வேலை ஓடாது.

"இது தானா யோசிக்கிற ஏசி சார். நீங்க இருபத்திரண்டுன்னு சொல்லிட்டா, குளிர்ந்த காத்து விடணுமா சூடான காத்து விடணுமான்னு அதுவே முடிவு பண்ணும். அதுக்குக் கண்ணு காது மாதிரி மூணு சென்சார். முன் பம்பருக்குப் பின்னாடி ஒண்ணு, அது வெளிச்சூட்டைப் பாக்கும். டேஷ்போர்டு மேல ஒண்ணு, அது வெயிலைப் பாக்கும். ஸ்டீயரிங் பக்கத்துல ஒண்ணு, உள்ளே எவ்வளவு சூடுன்னு பாக்கும்."

பம்பருக்குப் பின்னால் மீட்டரின் முனைகளை வைத்தார். எண் சரியாக இருந்தது. கைக்குள் பொத்திச் சூடாக்கியதும் எண் இறங்கியது. டேஷ்போர்டு மேல் இருந்த சென்சாரின் மீது விளக்கடித்தார். அதுவும் விழித்துக்கொண்டது. ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த சின்னச் சல்லடை மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்தார். விழாமல் ஒட்டிக்கொண்டது.

"உள்காத்தை உறிஞ்சுது. நல்லா இருக்கு."

"அதைத்தானே நான் காலைலேர்ந்து சொல்றேன்!" என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாம் நல்லா இருக்கு. கையெழுத்து."

மீட்டரம்மா பையிலிருந்து ஸ்கேனரை எடுத்துக் காரில் மாட்டினார். காரின் ஞாபகத்தில் பதிந்திருக்கும் பழைய கோளாறுகளைப் படித்துக் காட்டும் கருவி அது. திரையில் பூஜ்யம் வந்தது. அவர் புருவம் உயர்ந்தது.

"பத்து வருஷக் காரு. ஒரு பழைய குறைகூட இல்லையாம். நம்ம யாராச்சும் அப்படி இருக்கோமா சார்?"

"அப்படின்னா?"

"யாரோ ஞாபகத்தையே துடைச்சிருக்காங்க. ஸ்கேனர் இல்லாத கடையில அதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பேட்டரி ஒயரைக் கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டுறது. இந்த மாடல்ல எல்லாம் மறந்துடும். கடிகாரமும் பன்னெண்டுக்குப் போயிடும்."

பேட்டரி முனையின் நட்டில் ஸ்பானர் பிடித்த தடம் பளிச்சென்று இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இந்த முறை அவர் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பலகையின் திருகாணிகளிலும் புதிய கீறல். மீட்டரம்மா தரையில் மல்லாந்து தலையை உள்ளே நுழைத்தார். பலகை கழன்றது. உள்சென்சாரைக் கம்பியோடு இணைக்கும் கனெக்டர் தெரிந்தது. அதாவது, அதைச் சுற்றியிருந்த கறுப்பு டேப் தெரிந்தது. சுற்றியுள்ள கம்பிகள் மேலெல்லாம் பத்து வருஷத் தூசி. டேப் மேலும் சென்சார் மேலும் ஒரு தூசி இல்லை. டேப்பைப் பிரித்தார். கனெக்டரைப் பூட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது.

எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். இந்த எண் கார் ஐந்து மாதமாகத் தங்கள் பக்கம் வரவேயில்லை என்றார்கள்.

"சார், அந்த மருமகனை வரச் சொல்லுங்க. டிரைவர் சம்சாரமும் அவங்க தம்பியும் இங்கதானே இருக்காங்க. டிரைவரையும் கூட்டிட்டு வாங்க."

பிற்பகல் மணி 2:25.

இன்ஜின் கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. எண் இருபத்திரண்டு. காற்று ஜில்லென்று வந்தது. பின்சீட்டில் இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சந்தேகம் தீர வேண்டுமென்றால் அவரே உட்கார வேண்டும் என்று மீட்டரம்மா சொல்லிவிட்டார்.

"கதவைச் சாத்துறேன் சார். வெந்தா தட்டுங்க."

அவர் முன்பக்கம் குனிந்து, உள்சென்சாரின் கனெக்டரை இரண்டு விரலால் இழுத்துவிட்டார். அவ்வளவுதான். காற்றாடியின் சத்தம் 'புஸ்'ஸென்று எழுந்தது. மரத்தடியில் நின்ற டிரைவர் சட்டென்று நிமிர்ந்தார். "இதே சத்தம்தான்! நேத்து இதே சத்தம்தான்!"

நாலாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் தட்டினார். ஐந்தாவது நிமிடம் கண்ணாடியை உடைத்துவிடுவார் போலிருந்தது. கதவு திறந்ததும் பாதத்தைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்து வெளியே வந்தார். இரண்டு காவலர்கள் வேறு திசையில் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

"இந்த மாதிரி சென்சாருக்கு ஒரு குணம் உண்டு," என்றார் மீட்டரம்மா. "குளிரக் குளிர எண் கூடும். சூடாகச் சூடாக எண் குறையும். கனெக்டர் கழண்டா எண் எல்லை இல்லாம போயிடும். அதாவது எல்லை இல்லாத குளிர். புதுக் காருங்க 'இது கோளாறு'ன்னு புரிஞ்சுக்கும். இதுக்கு அந்தப் புத்தி இல்ல. உள்ளே ஒருத்தங்க உறைஞ்சு போறாங்கன்னு நம்பி, காப்பாத்தறதுக்காக ஹீட்டரை முழு வேகத்துல விட்டிருக்கு. பாவம், அதுமேல தப்பு சொல்ல முடியாது."

"அப்ப யாரும் கொல்லப் பாக்கலையா?" என்றார் மருமகன்.

"இல்ல. யாரோ சென்சாரைக் கழட்டித் துடைச்சிருக்காங்க. கழட்டும்போது கொக்கி உடைஞ்சிருக்கு. வேற வாங்கி மாத்தாம சும்மா சொருகி விட்டிருக்காங்க. ஓடும்போது கனெக்டர் இடத்துல இருந்தது, நின்ன இடத்துல இன்ஜின் உதறல்ல மெல்ல மெல்ல நழுவிடுச்சு. அது கவனக்குறைவு. அதுவரைக்கும் மனுஷத் தப்புதான்." அவர் குரல் மாறியது. "அதுக்கப்புறம் நடந்ததுதான் குற்றம். விஷயம் தெரிஞ்சதும் அந்த ஆளு காரைத் தனியா எடுத்துட்டுப் போய், கனெக்டரைச் சொருகி, டேப்பைச் சுத்தி, பேட்டரியைக் கழட்டி ஞாபகத்தை அழிச்சிருக்காரு. காலைல இன்ஸ்பெக்டர் வந்து பாத்தா ஏசி நல்லா ஓடுது. ஏசி நல்லா ஓடுதுன்னா டிரைவர் பொய் சொல்றான்னு அர்த்தம்."

"யாரு அந்த ஆளு?" இன்ஸ்பெக்டர் இன்னும் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கார் தனியா இருந்தது ரெண்டு பேர்கிட்ட. கொண்டாந்து விட்ட மச்சான். ராத்திரி பூரா சாவி வச்சிருந்த மருமகன்."

மருமகனின் முகம் வெளிறியது. மீட்டரம்மா இன்ஜினை நிறுத்தினார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி மாட்டினார். டேஷ்போர்டில் கடிகாரம் பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டு நின்றது.

"தம்பி," என்று மருமகனைக் கூப்பிட்டார். "கடிகாரம் போயிடுச்சு. கொஞ்சம் வச்சு விடுங்க."

அந்த மனிதர் முன்சீட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். எழுந்து விலகினார். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். செல்போனில் 2:40. காரில் 2:51.

"ஏன் இப்படி வச்சீங்க?" என்று கேட்டார் மீட்டரம்மா.

மருமகன் விழித்தார். "இந்தக் கார்ல... அப்படித்தானே வைக்கணும்? வேற எப்படி வைக்கிறது?"

"அவ்வளவுதான் சார். அந்த வீட்டு ஆளு யார் கை வச்சாலும் பதினோரு நிமிஷம் சேர்த்துத்தான் வைப்பாங்க. பழக்கம். ஆனா நேத்து வச்ச ஆளு நிமிஷம் பிசகாம சரியா வச்சிருக்காரு. காரு தெரிஞ்சவரு, வீடு தெரியாதவரு. தடயம் இருக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சதுல, சரியா ஓடின கடிகாரம்தான் தடயமா நின்னுடுச்சு. வழி கால் மணி நேரம். அவருக்கு ஆன நேரம் ஒரு மணி பத்து நிமிஷம்."

யார் பக்கமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மச்சான் வேப்பமரத்தில் சாய்ந்து, மெதுவாக அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"மூணு நாளைக்கு முன்னாடி மாமா கொண்டாந்தாரு," என்றார். தரையைப் பார்த்தே பேசினார். "ஏசி சில நேரம் கூடுது, சில நேரம் குறையுதுன்னு. சென்சார்ல ஒரே தூசி. துடைச்சேன். கொக்கி உடைஞ்சிடுச்சு. அடுத்த வாரம் மாத்திக்கலாம்னு சொருகி விட்டேன். 'டிக்'குன்னு சத்தம் கேக்கல. தெரியும். ஆனா இறுக்கமாத்தான் இருந்துச்சு."

"நேத்து?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காரை எடுக்கும்போதே ஹீட்டர் அடிச்சுது. கை காலு ஓடல. ஏசி நல்லா இருக்குன்னு தெரிஞ்சா, அந்தம்மாவுக்கு ஏற்கனவே வியாதி, அதனாலதான் மயங்கிட்டாங்கன்னு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன் சார். மாமா மேல திரும்பும்னு சத்தியமா நெனக்கல."

"திரும்பினப்புறம்?"

மச்சான் அக்காவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து இந்த நிமிடம் வரை வாய் திறக்க அவருக்கு இருபத்தோரு மணி நேரம் இருந்தது. அதில் வக்கீல் தேடினார், சாப்பாடு வாங்கினார், அக்காவுக்கு ஆறுதல் சொன்னார். நல்லவர் செய்ய வேண்டியதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்தார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். புருஷன் முகத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார். எந்தப் பக்கம் போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மீட்டரம்மா மஞ்சள் மீட்டரை எடுத்துப் பைக்குள் வைத்தார். புதிரை அவிழ்த்த சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகனுக்குப் போன் வந்தது. முதலாளியம்மா கண் விழித்துவிட்டார், டாக்டரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார் என்று மகள் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

இன்ஸ்பெக்டர் டிரைவரிடம் வந்தார். "கடைசியா ஏசியில கை வச்சது யாருன்னு கேட்டப்ப யாருமில்லன்னு ஏன்யா சொன்ன? அப்பவே சொல்லியிருந்தா காலைலயே வெளிய வந்திருப்பியே."

"வண்டிய சர்வீஸ் சென்டருக்குத்தான் விடணும்னு அம்மா கண்டிப்பா சொல்லியிருந்தாங்க சார். நான்தான் இவன் கடைக்குக் கொண்டு போனேன். நாலு வேலை வரட்டுமேன்னு." டிரைவர் மச்சானைப் பார்த்தார். "போலீஸ் இவன் பேரை எழுதிட்டா அப்புறம் கடைக்கு எவன் வருவான்? இவன்மேல எனக்குத் துளி சந்தேகம் இல்ல சார். அதான் சொல்லல."

காவலர் ஒருவர் மச்சானின் தோளைத் தொட்டு எழுப்பினார். லாக்கப் வாசலில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. மச்சான் கைகூப்பினார்.

"மாமா..."

டிரைவர் கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

"உன் பேரை நான் சொல்லல. சரி. நீ ஏன்டா சொல்லல?"

மச்சான் நின்றார். வராந்தாவில் அக்கா காத்திருந்தார், காவலர் சாவியோடு காத்திருந்தார். கடைசியில் கூப்பிய கையை இறக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.